ஒரே பிளக்குக்குப் போட்ட சீட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது. ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் குளிக்கிற இடம். வாசலை ஒட்டிய சுவரில் ஒரு போர்டு; அதில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் சுவிட்ச், கீழே ஒரு பிளக். அடுப்படியில் மிக்சிக்காக இன்னொன்று. மீன்காரன் வீட்டுக்கு இதற்கு மேல் எதற்கு என்று கட்டினவர்கள் நினைத்திருக்க வேண்டும். குடிவந்த புதிதில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் வீட்டுக்காரர் வின்சென்ட் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த பிளக்கில்தான் வந்து நிற்கிறேன். நுரையீரல் சுருங்கிப் போய், சென்னையில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து, ஒரு மே மாதத்தில் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தார். சின்ன அலமாரி உயரத்தில் சக்கரம் வைத்த மெஷின். காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற மீட்டர் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கரென்ட் போனால் போட்டுக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டர். அது ரெண்டு மணி நேரம்தான் வரும்; தீர்ந்தால் பொன்னேரிக்குத் தூக்கிப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

மெஷின் வந்தபோது அந்த ஒரு பிளக்கில் ஏற்கெனவே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இன்னொரு பாக்ஸ். அந்த ரெண்டிலுமாகச் சேர்த்து டிவி, டிவிக்கான செட்டாப் பெட்டி, மேஜை ஃபேன், என் தையல் மெஷினின் மோட்டர், கொசு மருந்து, எங்கள் ரெண்டு போன். இது போதாதென்று சாயங்காலம் ஆனால் பூபதியும் சின்னதம்பியும் தருமலிங்கமும் வந்துவிடுவார்கள். மூன்று பேரும் அவரோடு ஒரே ஃபைபர் படகில் போகிறவர்கள். அவர்கள் வீடு குப்பத்தின் கோடியில். அங்கே சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கி, பல்பே நெருப்புக் குச்சி மாதிரி எரியும். எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். படகு கட்டும் இடமும் கிட்டத்தில். அதனால் ஒயர்லெஸ் செட்டு, தலையில் கட்டுகிற ஹெட்லைட், போன் எல்லாவற்றையும் நாலு மணிக்குக் கொண்டுவந்து மாட்டுவார்கள். எட்டு மணிக்குக் கழற்றிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். வீட்டில் நான் இல்லாவிட்டாலும் உள்ளே வந்து மாட்டிவிட்டுப் போவார்கள்.

மெஷினையும் அந்த ரெண்டாவது பாக்ஸிலேயே சொருகினோம். மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது ஒரு வாடை. பிளாஸ்டிக் டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைத்த மாதிரி. தொட்டுப் பார்த்தேன். சுவர் பிளக்கில் கை வைக்க முடியவில்லை. ஜங்ஷன் பாக்ஸின் வெள்ளை மூலையில் பழுப்பு ஏறியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவருக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, ருமானாவுக்குப் போன் போட்டேன்.

ருமானா பழவேற்காட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஜலீல் பாயின் மகள். ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவள். முதலில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. பிறகு, ஆம்பளை இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் விட ஏற்ற ஆள் என்று பெண்கள் கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவளைப் பிடிப்பதே கஷ்டம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது. சிக்கு எடுக்காத வலை மாதிரி கீது."

"எல்லார் வீட்டுலயும் இப்படித்தான கீது?"

"எல்லார் வீட்டுலயும் ஆக்சிஜன் மெஷின் கீதா?"

பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புக் காற்றில் இங்கே கொக்கியும் கீலுமே அப்படித்தான் போகும். பின்னில் களிம்பு ஏறினால் பிடிப்பு விட்டுப் போகும், பிடிப்பு விட்ட இடம்தான் சுடும் என்றாள். போன் சார்ஜரும் ஹெட்லைட்டும் கரென்ட்டே இழுக்காது; ஆனால் பாக்ஸுக்குள் பாக்ஸ் சொருகி, அதன் கடைசியில் நாள் முழுக்க ஓடுகிற மெஷினை வைத்தால் எல்லா பாரமும் அந்த முதல் ஓட்டையில் வந்து உட்காரும். அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் இரண்டையும் ஜங்ஷன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாய்க்கு அடியில் ஒயரை ஓட்டக் கூடாது. சார்ஜர் மேல் துணி போடக் கூடாது.

"ஆக்சிஜன் மெஷின் நேரா சுவத்துலதான். நடுவுல எதுவும் கூடாது. அந்த மெஷின் புஸ்தகத்துலயே போட்டிருப்பான், பாருங்க."

அடுப்படி பிளக்கைத் திறந்தாள். உள்ளே கரி. மூடி, அதன் மேல் குறுக்காக டேப் ஒட்டினாள். "இதுல கை வெச்சீங்கன்னா அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க." மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியையும் அவளே ஊதி அணைத்தாள். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பு ஆகாதாம். பிறகு ஒரு தடவை தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

கட்டிலிலிருந்து அவர் சொன்னார்: "மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் மூச்சு நின்னாதான் அவங்களுக்கு வேலை அதிகம்."

மீட்டர் பெட்டியிலிருந்தே தனியாக ஒரு லைன் இழுத்து, டிரிப் சுவிட்ச் வைத்து, புதிதாக எர்த் போட்டால்தான் சரிப்படும் என்றாள் ருமானா. மீட்டர் பக்கத்தில் கைவைக்க இ.பி. ஆள் வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் சுவர் பிளக்கை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தாள். கெட்டுப் போன பாக்ஸ் ரெண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, நல்லதாக ஒரு பாக்ஸ் வைத்தாள். மெஷின் ஓடாத நேரத்தில் மட்டும் அதைச் சுவரில் மாட்டலாம். ஒன்று மெஷின், இல்லாவிட்டால் பாக்ஸ். ரெண்டும் சேர்ந்து இல்லை.

டிவியை அன்றைக்கே மூடி வைத்தேன். தையல் மெஷினின் மோட்டரைக் கழற்றிவிட்டுப் பழையபடி காலால் மிதித்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க வேண்டியிருந்தது. கால் வலிக்குமே தவிர வேலை நடக்கும். அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. நாலு மணிக்குப் பூபதி வந்தபோதுதான் பிரச்சினை வந்தது.

அவர்கள் மூன்று பேரும் விஷயத்தைக் கேட்டார்கள். சின்னதம்பி ஒயர்லெஸ் செட்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டான். "சரிண்ணா. நாங்க வேற எங்கியாச்சும் போட்டுக்கிறோம்."

இவர் அவனையே பார்த்தார். "இன்னாடா. படகுல இருந்து எறக்கிட்டீங்களா என்னை?"

சின்னதம்பி செட்டுகளை மறுபடி வெளியே எடுத்து பெஞ்சில் வரிசையாக வைத்தான்.

"இருபத்து நாலு மணி நேரத்துல எனக்குப் பதினாறு மணி நேரம்தான வேணும்?" என்றார் இவர். "மிச்சம் எட்டு மணி நேரம் கீதே. சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் சீட்டுப் போடலாம். மெஷின் ஒரு சீட்டு. உங்க சார்ஜ் பொட்டி ஒரு சீட்டு. எது விழுதோ அதுக்குப் பிளக்கு."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்கள் ஏரியில் நல்ல இறால் விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான். அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பேர்தான் பாடு. எங்கள் குப்பத்தில் பதினெட்டு வருஷமாகப் பாடு சீட்டுக் குலுக்கினது வின்சென்ட்தான். குலுக்குகிறவன் கடைசிச் சீட்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எத்தனையோ வருஷம் கடைசிச் சீட்டில் சேறும் பாசியுமான இடம் வந்து, அதிலேயே வலை கட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் சீட்டில் பேர் எழுதுவது மட்டும் வீட்டில் என் வேலை. நான் பன்னிரண்டாவது வரை பொன்னேரியில் படித்தவள்.

"மனுஷன் மனசுக்குப் பிரிச்சா ஒருத்தனுக்குக் கோவம் வரும். சீட்டுன்னா யார் மேல கோச்சிக்கிறது?" என்பார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் போனதும் கேட்டேன்: "உன் மூச்சுக்கு எதுக்குய்யா சீட்டு? சாயங்காலம்தான் உனக்கு ரொம்ப முடியாமப் போவுது."

"அவனுங்க பன்னெண்டு கிலோமீட்டர் உள்ள போறானுங்க ஜெஸ்ஸி. இன்ஜின் நின்னா அந்த ஒயர்லெஸ்தான். அதுக்கு சார்ஜ் இல்லன்னா அவனுங்க மூச்சு இன்னா ஆவறது?"

குழம்புச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

முதல் நாள் சீட்டில் பெட்டி விழுந்தது. நாலு மணி நேரம் குழாய் இல்லாமல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அவர்களோடு பேசிச் சிரித்தபடியே இருந்தார். மீட்டரில் எண்பத்தெட்டு, எண்பத்தேழு. ரெண்டாம் நாளும் பெட்டி. அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தவுடன் உட்கார்ந்ததால் ஆரம்பத்திலேயே இரைத்தது. ஆறு மணிக்குப் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஏழு மணிக்கு உதட்டில் நீலம் தெரிந்தது. மீட்டரை மாட்டினேன். எண்பத்து நாலு. பெட்டியைப் பிடுங்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. அதனால்தான் என்னால் உதற முடியவில்லை. பூபதி எழுந்து, "போதும்ணா, ஏறிடுச்சி," என்று தானே கழற்றினான். கழற்றும்போது மணி ஏழு அஞ்சு.

மூன்றாம் நாள் நான் ரெண்டு சீட்டிலும் 'மெஷின்' என்று எழுதினேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. பாடு சீட்டில் ஏமாற்றினவனை எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்கள் குழாயடியில் கடைசி ஆளாகத்தான் தண்ணீர் பிடிப்பார்கள். அதெல்லாம் தெரிந்தும்தான் எழுதினேன். ஒரே அளவு காகிதம், ஒரே மடிப்பு. செம்பில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் குலுக்கினார். பூபதி கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் எதையோ முணுமுணுத்துவிட்டு ஒன்றை எடுத்தான். பிரித்தான்.

"மெஷின்."

மூன்று பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம். எனக்கு அது சுருக்கென்று குத்தியது. இவர்களையா ஏமாற்றினோம் என்று இருந்தது. மிச்சச் சீட்டைச் செம்போடு வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். நாலு மணியிலிருந்து எட்டு வரை மெஷின் ஓடியது. அவர்கள் செட்டுகளை பெஞ்சில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு விழுந்த மீனைப் பற்றிப் பேசினார்கள். மீட்டரில் தொண்ணூறு. எட்டு மணிக்குச் செட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

நாலாம் நாளும் அப்படி. ஐந்தாம் நாளும். படகு திரும்பி வந்த சத்தம் கேட்கிற வரைக்கும் என்னால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை. அவருக்கு அது தெரியாது. பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

ஆறாம் நாள் மறுபடியும் மெஷின் விழுந்தபோது சின்னதம்பி கேலி பேச ஆரம்பித்தான்.

"இன்னாண்ணா, நாலு நாளா உனக்கே அடிக்குது. ஏரியில ஒரு நாளாவது இப்படி அடிச்சிருந்தா மாடி வீடு கட்டியிருப்ப."

"அங்க சேறுதான், இங்கயாவது அடிக்கட்டும்," என்றான் தருமலிங்கம்.

"இல்லடா, ஊர் வழக்கம்னு ஒண்ணு கீதில்ல? குலுக்குனவன் கடைசிச் சீட்டைப் பிரிச்சிக் காட்டணும். காட்டுண்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் செம்பை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் அவர் பழக்கத்தில் உள்ளே விரலை விட்டு எடுத்துவிட்டார். பிரித்தார். பார்த்தார்.

மூக்கில் குழாய் இருந்தது. மெஷின் தன் பாட்டுக்குப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொட்டி," என்று வாசித்தார்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு எவ்ளோ எறால் விழுந்துச்சி?" என்று தருமலிங்கத்தைக் கேட்டார். அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் அடுப்படியில் போய் நின்றேன்.

அவர்கள் கிளம்பின பிறகு கூப்பிட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்காரச் சொன்னார்.

"எத்தினி நாளா?"

"மூணாவது நாள்லேர்ந்து."

"அவனுங்க நாலு நாளா சார்ஜ் இல்லாமப் போனது இதாலதானா?"

"எண்பத்து நாலு ஆச்சுய்யா. உன் ஒதடு நீலமாப் போச்சி. நான் இன்னா பண்றது?"

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். அவர் திட்டுவார் என்று இருந்தேன்.

"பதினெட்டு வருஷத்துல மொதத் தடவை பொய்ச் சீட்டு வாசிச்சேன். வாசிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணல ஜெஸ்ஸி. அதான் ஆச்சரியமா கீது." என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டார். "காலையில போய்ப் பூபதிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆவும்."

காலையில் ஒன்பது மணிக்குப் படகு கரை பிடித்தது. மற்றவர்கள் மீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூபதி மட்டும் இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ரெண்டு சீட்டிலும் மெஷின் என்று எழுதினேன், நாலு நாளாக உங்களை ஏமாற்றினேன், ஊரில் சொல்ல வேண்டுமென்றால் சொல், அவரைச் சேர்க்காதே, அவருக்குத் தெரியாது. இந்தக் கடைசியும் பொய்தான். கணக்கில் இன்னொன்று.

பூபதி குவளையைக் கீழே வைத்தான். ஆட்டோ பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, அந்தச் செட்டெல்லாம் ஃபுல்லு."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது நாள் அண்ணன் ஒதட்டைப் பாத்தோமில்ல? அதுக்கு மறுநாள்லேர்ந்து காலையில மீன் போடப் போறப்போ ஜலீல் பாய் கடையில குடுத்துடறோம். ருமானா பொண்ணுதான் சொல்லிச்சி, கொண்டாங்கன்னு. மத்தியானம் வாங்கினு வந்துடறோம். சாயங்காலம் உங்க வீட்டுக்குக் கொண்டாறது சும்மா."

"அப்புறம் ஏன்டா சீட்டெடுத்த? கண்ணை மூடி வேண்டிக்கினியே."

"மெஷினே வரணும்னு வேண்டிக்கினேன். பொட்டி வந்தா இன்னா பண்றது? ஃபுல்லா கீற செட்டை மாட்டினு, அண்ணனை மூச்சு முட்ட உட்டுட்டு நாலு மணி நேரம் உக்காந்திருக்கணும். நாங்க தொலைஞ்சோம்னு நெனச்சோம். நாலு நாளா மெஷினே வருது. சின்னதம்பி கோயில்ல தேங்கா உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டான்."

"சொல்லியிருக்கலாமேடா."

"அவர்கிட்ட எவன் சொல்றது, இனிமே உன் வீட்டுக்கு வர வேணாம், வேற எடம் பாத்துட்டோம்னு? மொத நாளே கேட்டாரே, எறக்கிட்டீங்களான்னு." குவளையை மறுபடி எடுத்துத் தண்ணீரை மொண்டு இன்ஜின் மேல் ஊற்றினான். "நீங்களும் சொல்லாதீங்க அண்ணி. லைன் வர இன்னும் நாலு நாளுதான? நான் ஒரு வழி பண்றேன்."

அவன் பண்ணின வழி இதுதான். சாயங்காலம் வந்து, இன்ஜின் ரிப்பேர், நாலு நாளைக்குக் கடலுக்குப் போகவில்லை, சார்ஜ் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்றான். மூன்று பேரும் வழக்கம் போல எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய் அரை மணி நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு படகின் சத்தம் கேட்டது. எனக்கு எல்லாப் படகும் ஒரே சத்தம்தான். அவர் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கேட்டார்.

"ரிப்பேர் இன்ஜினு நல்லா ஓடுது," என்றார்.

"பூபதிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். "திட்டுனானா?" இல்லை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த நாலு நாளும் மெஷின் சாயங்காலங்களில் நிற்காமல் ஓடியது. தொண்ணூறு, தொண்ணூற்று ஒன்று என்று நின்றது மீட்டர்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ருமானா மத்தியானத்துக்கு மேல் ஒயர் சுருளோடும் பிவிசி பைப்போடும் வந்தாள். காலையில் இ.பி. ஆள் வந்து மீட்டர் பக்கத்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். மெயினை அணைத்து ஒன்றரை மணி நேரத்தில் மீதியை முடித்துவிட வேண்டும். சிலிண்டர் ரெண்டு மணி நேரம்தான். எர்த்துக்குப் பள்ளம் தோண்ட மூன்று பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள். மூன்றடியிலேயே தண்ணீர் ஊறியது.

"கரியும் உப்பும் போடணும்னு சொல்வாங்களே," என்றான் தருமலிங்கம். "உப்புப் பாக்கெட்டு வாங்கியாரட்டா?"

"கரி மட்டும் கொண்டாங்க," என்றாள் ருமானா. "உப்பை உங்க ஊருல இருந்துதான் மத்த ஊருக்குக் கொண்டுபோவணும்."

உள்ளே அவர் சிலிண்டரோடு கட்டிலில் இருந்தார். நான் அவருக்கு விசிறினேன். ருமானா சுவரில் துளை போடப் போட, நாங்கள் துணியால் அவர் முகத்தை மறைத்துக்கொண்டோம். "எவ்ளோ நேரம் ஆச்சி?" என்று அவர் ரெண்டு தடவை கேட்டார். நான் ரெண்டு தடவையும் குறைத்துச் சொன்னேன். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போகும்போது வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, போடட்டா?"

ஃபேன் சுற்றியது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மெஷினுக்கென்று தனி பிளக், தனி சுவிட்ச். வாசல் பக்கம் மூன்று பிளக் உள்ள புது போர்டு. டிரிப் சுவிட்சில் இருந்த சின்ன பட்டனை ருமானா அமுக்கினாள், எல்லாம் அணைந்தது. "எங்கியாவது கரென்ட் கசிஞ்சா இப்படி அதுவே நின்னுடும். மாசம் ஒரு தடவை நீங்களே அமுக்கிப் பாருங்க." மறுபடி போட்டாள். "மெஷின் பிளக்குல மெஷின் மட்டும்தான். ஊரே வந்து கேட்டாலும் வேற எதையும் சொருகக் கூடாது."

மெஷினை நான்தான் மாட்டினேன். அது ஒரு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாயை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, ஐந்தாறு மூச்சு வாங்கினார். பிறகு கண்ணைத் திறந்து பூபதியைப் பார்த்துக் கை நீட்டினார்.

"குடு. மொதல்ல நானே போடுறேன்."

பூபதி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் பையிலிருந்து ஒயர்லெஸ் செட்டை எடுத்து, வேறு வழியில்லாமல் கொடுத்தான். குழாய் வாசல் போர்டு வரைக்கும் நீளும். அவர் மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தார். சார்ஜரைப் புது பிளக்கில் சொருகி, செட்டை அதில் உட்கார வைத்தார். சார்ஜ் இல்லாத செட்டில் சிவப்பு விளக்கு எரியும், ஏறி முடிந்தால்தான் பச்சை. இதில் வைத்த உடனே பச்சை எரிந்தது.

அவர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் மூன்று பேரும் ஆடாமல் நின்றார்கள். ருமானா கூட ஸ்க்ரூ டிரைவரைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர் செட்டைக் கொஞ்சம் திருப்பி, விளக்கு சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

"சார்ஜ் ஏற நேரம் ஆவும்," என்றார். "உக்காருங்கடா."

சின்னதம்பி முதலில் உட்கார்ந்தான். பிறகு மற்ற ரெண்டு பேரும். எட்டு மணி வரைக்கும் இருந்தார்கள்.